சிப்பு கேட்டது, நான் பதில் சொன்னேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் கம்பெனிக் கூடத்தில் என் ரிப்பேர் மேஜையில் பதினொரு சார்ஜ் ஃபேன். எல்லாம் திரும்பி வந்தவை. புகுந்த வீட்டில் பத்து நாள் தங்காமல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிற பெண்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: மத்தியானத்தில் சார்ஜ் ஏறவில்லை. சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் கண்ணடிக்கும், நின்றுவிடும். அதையே சாயங்காலம் சொருகினால் ஒழுங்காக ஏறுகிறது.

"மத்தியானம் தூங்குற ஜாதி போல அண்ணி, உங்க தம்பி மாதிரி" என்றாள் நாத்தனார். அவள் உட்காருவது என் பக்கத்து மேஜை. என் வீட்டுக்காரருக்குத் தங்கை, எனக்கு வாய்ச்சண்டைக்குத் துணை. உங்க தம்பி என்று அவள் சொன்னது அவளுடைய வீட்டுக்காரரை. பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்து, மாவுக்கட்டோடு ஒரு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார்.

"விழுந்த மனுஷனைப் பேசாதேடி, ஏணி கோவிச்சுக்கும்" என்றேன். கூடமே சிரித்தது.

சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டுகிறது. மார்ச்சிலேயே இப்படி.

மார்ச் 4

கண்டுபிடித்துவிட்டேன்! நான்! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட நான்!

மறக்காமலிருக்க எழுதிவைக்கிறேன். ஃபேனுக்குள்ளே ஒரு போர்டு. போர்டில் சார்ஜ் ஏற்றுகிற சிப்பு, கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. பாட்டரி, வெள்ளிப் பொட்டலம் மாதிரி தட்டையானது. அதன் முதுகில் ஒரு கறுப்பு மணியை ஒட்டியிருக்கும், இரண்டு மெல்லிய கம்பியோடு. நாங்கள் அதை மிளகு என்போம். மிளகு எதற்கு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினோம்.

போர்டைப் பாட்டரியோடு சேர்ப்பதற்கு முன்னால் டெஸ்ட் பெட்டியில் வைத்துப் பார்ப்போம். அப்போது மிளகு இருக்காது. அதற்குப் பதிலாகப் பெட்டியிலேயே ஒரு டம்மி இருக்கும். கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர், அவ்வளவுதான். எந்த வெயிலிலும் டெஸ்ட் பெட்டியில் ஒரு போர்டும் கண்ணடித்ததில்லை. அப்படியென்றால் போர்டு நல்லது. பாட்டரியும் சாயங்காலம் ஏறுகிறது, அதுவும் நல்லது. மிச்சம் யார்? மிளகுதானே கள்ளன்!

ஒன்றில் மிளகை வெட்டிவிட்டு டம்மியை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மத்தியானம் இரண்டு மணி, உச்சி வெயில். சிவப்பு விளக்கு நின்று எரிந்து, சார்ஜ் நிறைந்ததற்கான பச்சையும் வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

முதலாளி வந்து பார்த்தார். எதற்கெடுத்தாலும் சரி சரி என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேரே சரிசரி. பச்சை விளக்கைப் பார்த்து, "சரி சரி, இனிமே நீதாம்மா டாக்டர்" என்றார். திரும்பி வந்தவை எல்லாவற்றுக்கும் அதையே செய்யச் சொல்லிவிட்டார்.

"இன்ஜினியரம்மாவைக் கேட்டுக்கலாமா சார்?"

"அவங்க ரெண்டு மூணு வாரம் வர மாட்டாங்க, வேற கம்பெனி வேலை. சரி சரி, நீ பண்ணு."

இன்ஜினியர் பெண் வாரத்தில் ஒருநாள், வியாழனில் மட்டும் வருவாள். அதனால் அவள் பேர் வியாழக்கிழமை. இன்றைக்கு வியாழக்கிழமை வந்தது, வியாழக்கிழமை வரவில்லை என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன்.

மார்ச் 11

டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டே கொல்கிறார்கள். வீட்டில் இவரிடம் சொன்னேன், "நாளையிலேர்ந்து என்னைப் பார்க்க டோக்கன் வாங்கணும்." இவர் பேப்பரை மடிக்காமலே, "முப்பது வருஷமா வரிசையிலதானே நிக்கிறேன்" என்றார். வருஷத்துக்கு ஒரு ஜோக் சொல்வார், இந்த வருஷத்துக்கு முடிந்தது.

திரும்பி வந்ததில் ஒன்றைப் பெயிண்டர் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் விட்டுப்போன ஃபேன். மாவுக்கட்டுக்குள் வேர்த்து அரிக்கிறதாம். காற்று முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

மார்ச் 16

இனிமேல் புதிதாகச் செய்கிற ஃபேனிலும் மிளகு கிடையாதாம். நேராக டம்மி. மிளகு ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனாரை மூடி திருகும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"என் வேலைக்கு உலை வச்சீங்களே அண்ணி."

"மூடி திருகுற வேலைதானேடி? வாயையும் சேர்த்துத் திருகிக்கோ."

மார்ச் 20

தெர்மாமீட்டரில் 39.

மார்ச் 24

நான் வைத்தியம் பார்த்த ஃபேன் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. சார்ஜ் புகார் இல்லை. "மூடி சரியா உட்கார மாட்டேங்குது" என்று துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறது.

திறந்தேன். திறக்க வேண்டிய வேலையே இல்லை, அதுவே திறந்துகொண்டது. உள்ளே வெள்ளிப் பொட்டலம் உப்பிப்போய்க் கிடக்கிறது, யாரோ உள்ளேயிருந்து ஊதின மாதிரி. ஒரு வாசனை. கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது. நகப்பாலிஷ் மாதிரி, இனிப்பாக. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாசமா இருக்கு போல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

வியாழக்கிழமை வந்துவிட்டாள். உப்பின ஃபேனை அவளிடம் நானேதான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமோ? இல்லை.

உள்ளே பார்த்தாள். பிறகு டம்மியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டு, "இதை யாரு வச்சது?" என்றாள்.

வாய் என்றால் எனக்கு ஊரைக் கூட்டுகிற வாய். அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாத்தனார் முந்திக்கொண்டாள்: "போர்டே அப்படித்தான் மேடம் வந்துச்சு." நான் சிரித்தேன். அசட்டுச் சிரிப்பு.

அவள் கோபப்படவில்லை. என் மேஜையில் ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அந்தச் சிப்பு சும்மா கரண்டை ஊத்தறது இல்லக்கா. பாட்டரி ரொம்பக் காலியா இருந்தா முதல்ல சொட்டுச் சொட்டா விடும், மயக்கம் தெளிஞ்சவனுக்குத் தண்ணி குடுக்கிற மாதிரி. தெளிஞ்சதும் ஒரே அளவா, வேகமா ஏத்தும். நாலு புள்ளி ரெண்டு வோல்ட் வந்ததும் அதுக்கு மேல ஒரு இம்மி போகாம பிடிச்சுக்கிட்டு, கரண்டைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திடும். இதெல்லாம் அதுவே பார்த்துக்கும். ஆனா ஒண்ணு மட்டும் அதுக்குத் தானாத் தெரியாது. பாட்டரி எவ்வளவு சூடா இருக்குன்னு. அதைத்தான் மிளகுகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும். சூடா இருக்கா, சூடா இருக்கா, சூடா இருக்கான்னு. நாப்பத்தஞ்சு தாண்டிச்சுன்னு மிளகு சொன்னா அங்கேயே நிறுத்திடும். ஆறினதும் மறுபடி ஏத்தும்."

மத்தியானத்தில் கண்ணடித்தது அதற்குத்தான். அது கோளாறே இல்லை. அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"டம்மி என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு. குளுகுளுன்னு இருக்குன்னு சொல்லும். பாட்டரி வெந்தாலும் அதையேதான் சொல்லும்."

உப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூடிக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற திருகாணி முனையைக் காட்டினாள். "இது குத்தினா தீதான்" என்றாள். பிறகு முதலாளி அறைக்குள் போனாள்.

அதே நாள், சாயங்காலம்

வேலை விட்டதும் நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். ஜன்னலெல்லாம் சாத்தி, வெயிலுக்குத் திரை போட்டிருக்கிறது. கட்டிலில் பெயிண்டர். அவர் காது பக்கத்தில், தலையணை மேல், ஃபேன். சுற்றிக்கொண்டே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு மாதிரி இருந்தது.

வயரைப் பிடுங்கினேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதுக்கு வேற பேர் இருக்குக்கா" என்று சிரித்தார். மூடி லூசாக இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். வாய் தானாகச் சொன்ன பொய். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து மாடியில் வெறுந்தரையில் வைத்தேன்.

மார்ச் 27

அவருடைய ஃபேனைத் திறந்தேன். பொட்டலம் உப்பியிருக்கிறது. நடுவில் ஒரு குழி. திருகாணி முனை அழுத்தின இடம். இன்னும் கிழியவில்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். "உங்க வேலை போயிடக் கூடாதேன்னு நேத்து பொய் சொன்னேன்" என்றாள். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 28

கணக்குப் பார்த்தேன். நான் கையால் மாற்றினது அறுபத்து நாலு. தம்பியுடையது போனால் அறுபத்து மூன்று. உப்பி வந்தது ஒன்று போனால் அறுபத்திரண்டு. புதிதாகச் செய்து கடைகளுக்குப் போனது இருநூற்று நாற்பது.

ஆக முந்நூற்றிரண்டு வீட்டில் சிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. முந்நூற்றிரண்டு வீட்டில் நான், "இல்லை, இல்லை, சூடு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30

முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிடலாம் சார் என்றேன்.

"சரி சரி. சீசன் முடியட்டும்."

"சீசன்லதான் சார் ஆபத்தே. வெயில் குறைஞ்சா அதுங்க சாதுவா இருக்கும்."

"ஏம்மா, கண்டுபிடிச்சது யாரு? நானா, நீயா?"

வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதை எதற்கு?

ஏப்ரல் 2, வியாழன்

வியாழக்கிழமை வரவில்லை. இனி வரமாட்டாளாம். திருப்பி வாங்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தாளாம், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகிறபோது வாட்ச்மேனிடம் அவள் நம்பரை எனக்காகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, டம்மியை வைத்தது யார் என்று.

புதிய ஃபேன்களில் மிளகு திரும்ப வந்துவிட்டது. சத்தமில்லாமல். அப்படியென்றால் முதலாளிக்கும் தெரிகிறது.

ஏப்ரல் 4

கடைக்குப் போன இருநூற்று நாற்பதும் பில் புத்தகத்தில் இருக்கிறது. அது முதலாளியின் பூட்டுக்குள். ஆனால் அறுபத்திரண்டு பேருடைய போன் நம்பர் என் ரிப்பேர் நோட்டில் இருக்கிறது, என் கோழிக்கிறுக்கலில். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன்.

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் இன்றைக்கே வேலை போகும், நாளைக்குப் போலீஸ் வரும். தம்பியிடம் சொன்ன பொய்யே கைக்கு வந்தது. மூடி லூசு, இலவசமாக மாற்றித் தருகிறோம், கொண்டுவாருங்கள்.

ஏப்ரல் 8

முக்கால்வாசிப் பேர் கொண்டுவர மாட்டேன் என்கிறார்கள். "நல்லா ஓடுது, எதுக்கு?" "இப்பத்தான் மத்தியானமும் ஏறுது, புண்ணியமாப் போச்சு." ஒரு தாத்தா, நான் வேறு ஏதோ விற்க வருகிறேன் என்று நினைத்துப் பத்து நிமிஷம் திட்டினார்.

நன்றாக ஓடுகிறதாம். அதுதானே பயம்.

வந்தது பதினேழு. அதில் உப்பினது ஐந்து.

ஏப்ரல் 10

41. கூடம் அடுப்பாக இருந்தது. ஏதாவது ஜோக் சொல்லு என்று என்னைக் கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

இன்றைக்குப் பேசினவர்களில் ஒரு தையல்காரப் பெண். வாய் என்றால் அப்படி ஒரு வாய், எனக்கு அக்கா மாதிரி. மூடி லூசு என்று ஆரம்பித்ததும், "மூடிதானே லூசு? எங்க வீட்டுல எல்லாருமே லூசுதான், அதுக்கெல்லாம் யாரு மாத்திக் குடுக்கறா?" என்றாள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்றைக்கே கொண்டுவரச் சொன்னேன். "இன்னிக்கு முடியாதுங்க. ஒரு கல்யாணத் துணி அத்தனையும் மடியில கிடக்கு. இந்தக் காத்து இல்லாம ஊசிகூடக் கோக்க முடியாது. திங்கக்கிழமை கண்டிப்பா."

அதுவரைக்கும் சார்ஜ் போடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடி லூசுக்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வேன்?

"சரி, திங்கள்கிழமை. வரலேன்னா நானே வந்து பிடுங்கிட்டுப் போவேன்" என்றேன். அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

வரவில்லை. நாலு தடவை அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

எடுத்தது ஆண் குரல்.

"யாருங்க? அக்காவைக் கேக்கிறீங்களா? அக்கா ஆஸ்பத்திரில இருக்காங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தீப்பிடிச்சிருச்சு. துணியெல்லாம் போச்சு. அணைக்கப் போய் ரெண்டு கையும்..."

நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு. திங்களுக்கு முந்தின நாள்.

ஏப்ரல் 17

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கருகின ஃபேனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முதலாளி, "சரி சரி, வாங்கினவங்க தப்பான சார்ஜர் போட்டிருப்பாங்க" என்றார். அதிகாரி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். இந்த ரெசிஸ்டரை யார் வைத்தது என்று கேட்டார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை.

நான் என்று சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டதையும் சொன்னேன். மார்ச் முப்பதில் முதலாளியிடம் சொன்னதையும். நாத்தனார், "ஆமா, சொன்னாங்க. நான் கதவுக்கு வெளியிலதான் நின்னேன்" என்றாள். அவள் நின்றது எனக்கே தெரியாது.

பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். கூடத்துக்குப் பூட்டு. நான் ஊரை விட்டுப் போகக் கூடாது.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரம்மா ஜன்னல் பக்கத்துக் கட்டில். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறது. என்னை அவளுக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்றேன்.

உடனே முகம் மலர்ந்தது. "அட, போன் அம்மாதானே நீங்க! குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். பிடுங்க வந்தீங்களா?"

சொல்லிவிட்டேன். மிளகிலிருந்து கடைசி வரை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

"மூடி லூசுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

"தீப்பிடிக்கும்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கித் தெருவுல போட்டிருப்பேனே."

எனக்குத் தெரியும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுந்து போவதா, உட்காருவதா என்று தெரியாமல் இருந்தேன். டாக்டர் வந்து போனார். நர்ஸ் வந்து போனாள்.

திரும்பாமலே கேட்டாள். "மிச்சம் எத்தனை இருக்கு?"

"இருநூத்தி எண்பத்தி நாலு."

"அவங்ககிட்டயும் மூடி லூசுன்னுதான் சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

ஏப்ரல் 22

அதிகாரி திங்கள்கிழமையே பில் புத்தகத்தின் நகலைக் கொடுத்துவிட்டார். அவர்களும் கூப்பிடுகிறார்கள், நாங்களும் கூப்பிடுகிறோம். வாட்ச்மேன் கொடுத்த நம்பரில் கூப்பிட்டேன்; இப்போது வியாழக்கிழமையுடைய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் திறந்து பாட்டரியைக் கழற்றுகிறாள், நான் போன். மூன்றாவது நாளாக நாத்தனாரும் வருகிறாள். என்னோடு பேசுவதில்லை. நான் ஒரு நம்பரை முடித்ததும் அடுத்த நம்பரை வாசிக்கிறாள்.

மே 6

வெளியில் 43. காலையில் ஒன்று, பையிலிருந்து எடுக்கும்போதே புகைந்தது. வியாழக்கிழமை மணல் வாளியில் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம். கொண்டுவந்தவர் அதைக் குழந்தையின் தொட்டிலில் கட்டி வைத்திருந்தாராம்.

மே 28

இப்போது எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன். "அந்த ஃபேனைக் கெடுத்தது நான்தாங்க. அது தீப்பிடிக்கும். வயரைப் பிடுங்கி வெளியில வெறுந்தரையில வைங்க, இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்." கதவு திறக்கிற சத்தம் கேட்கிற வரை போனை வைப்பதில்லை.

இன்றைக்கு ஒன்பது பேர். ஏழு பேர் திட்டினார்கள், அதில் ஒருவர் என் பிறப்பு வரை போனார். இரண்டு பேர் தகவலுக்கு நன்றி என்றார்கள்.

சாயங்காலத்துக்குள் ஏழு வந்தது. திட்டினவர்கள் ஏழு பேரும்தான்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் போகவேண்டும். மொத்தம் மிச்சம் முப்பத்தொன்று.